சிறு பட்டறையில் மரச்சாமான் தயாரிப்பு: ஈரமும் மூலதனமும்

மேசை, நாற்காலி, அலமாரி போன்ற மரச்சாமான்களைக் கையால் செய்யும் சிறு பட்டறைகளின் நிலையை ஆராயும் அறிக்கைகள் பொதுவாக மூன்று குறைகளைச் சுட்டுகின்றன. கருவிகள் பழையவை, வடிவங்கள் பழையவை, சந்தையோடு நேரடித் தொடர்பு இல்லை என்பன அவை. மூன்றும் உண்மையே. ஆயினும் இம்மூன்றுக்கும் முற்பட்ட குறை ஒன்று இவ்வறிக்கைகளில் பெரும்பாலும் ஓரிரு வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. பலகைக்குள் இருக்கும் நீரே அது. அந்த நீர் வெளியேறும்வரை காத்திருக்கப் பட்டறையிடம் பணம் இருக்கிறதா என்ற கேள்வி தச்சுக்கலையையும் பொருளாதாரத்தையும் ஒரே இடத்தில் சந்திக்க வைக்கிறது. சிறுதொழில் வளர்ச்சியைப் பயிலும் மாணவருக்கும், கடன் விண்ணப்பங்களை ஆராயும் அதிகாரிக்கும் இக்கேள்வி பயனுடையது.

இதனை ஆராய உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூர் தக்க எடுத்துக்காட்டாகும். கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட சமவெளியில், சிவாலிக் மலையடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ள இந்நகரம் மரச்செதுக்கு வேலைக்குப் பெயர் பெற்றது. கொடிகளும் இலைகளும் செதுக்கிய திரைகள், பித்தளை பதித்த சிறு மேசைகள், பெட்டிகள், நாற்காலிகள் ஆகியவை இங்கிருந்து நாடெங்கும் செல்கின்றன, வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றன. காஷ்மீரத்திலிருந்து வந்த கைவினைஞர்களே இக்கலையை இங்கு வேரூன்றச் செய்தனர் என்று கூறப்படுகிறது. 2018இல் உத்தரப் பிரதேச அரசு ‘ஒரு மாவட்டம், ஒரு பொருள்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது சகாரன்பூர் மாவட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள் மரச்செதுக்கு வேலையே ஆகும்.

இங்கு வேலை பல கைகள் மாறி நடக்கிறது. ஒருவர் அறுக்கிறார், ஒருவர் சட்டம் கூட்டுகிறார், ஒருவர் செதுக்குகிறார், வேறொருவர் உப்புத்தாள் தேய்த்து மெருகிடுகிறார். பெரும்பாலோர் உருப்படிக் கூலிக்கு வேலை செய்பவர்கள். பட்டறை என்று சொல்லப்படுவது பல இடங்களில் வீட்டின் முன்னறையோ, தெருவை நோக்கித் திறந்த ஒரு கொட்டகையோதான். பலகையை அடுக்கி வைக்க அங்கு இடம் இல்லை என்பதை இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

மரம் வரும் வழி

சகாரன்பூரின் மரபான மரம் சீஷம். ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்த இது கடினமானது. கரும்பழுப்பு ரேகைகள் உடையது. நுண்ணிய செதுக்கு வேலையைத் தாங்கக் கூடியது. காடுகளிலிருந்து மட்டுமன்றி, கால்வாய்க் கரைகள், சாலை ஓரங்கள், வயல் வரப்புகள் ஆகியவற்றிலிருந்தும் இம்மரம் கிடைத்து வந்தது. வட இந்தியாவின் பல பகுதிகளில் சீஷ மரங்கள் நோயுற்றுப் பட்டுப்போகத் தொடங்கியபின் வரத்து குறைந்தது, விலை ஏறியது. காய்ப்பு ஓய்ந்த பழந்தோப்புகளின் மாமரம் அந்த இடத்தை ஓரளவு நிரப்பியது.

சட்டத்தின் போக்கும் இதே திசையில் அமைந்தது. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, தொழில்களுக்குச் சலுகை விலையில் வனப்பொருள் வழங்கும் வழக்கம் நிற்க வேண்டும் என்றது. 1996 டிசம்பர் 12இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை காடுகளில் மரம் வெட்டுவதையும் மர அறுவை ஆலைகள் இயங்குவதையும் கடுமையான கட்டுப்பாட்டின் கீழ்க் கொணர்ந்தது. காடுகளின் பாதுகாப்புக்கு இவை இன்றியமையாத நடவடிக்கைகள். ஆனால் சிறு பட்டறைக்கு இவற்றின் விளைவு என்ன? முன்னர் முதிர்ந்த, வைரம் பாய்ந்த மரம் பெரிய உருட்டுக் கட்டைகளாக வந்தது. இன்று வயலிலிருந்து வரும் மரம் இளையது, வெளிறு மிகுந்தது, வெட்டிய சில நாள்களிலேயே அறுவை ஆலைக்கும், அங்கிருந்து பட்டறைக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. அதாவது முன்னைவிட ஈரமான, முன்னைவிட வளையக்கூடிய பலகையைக் கொண்டு, முன்னைவிடக் கண்டிப்பான வாங்குவோருக்குப் பொருள் செய்ய வேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது.

ஈரம் என்ன செய்கிறது

மரத்தின் ஈரப்பதம் அதன் உலர்ந்த எடையின் சதவிகிதமாகக் கணக்கிடப்படுகிறது. 250 கிராம் எடையுள்ள ஒரு துண்டினை அடுப்பில் முற்றிலும் உலர்த்தியபின் 200 கிராம் இருக்குமாயின், வெளியேறிய 50 கிராம் நீரை 200ஆல் வகுக்க வேண்டும். ஈரப்பதம் 25 சதவிகிதம். ஒரு சிறு தராசும் வெப்ப அடுப்பும் இருந்தால் இச்சோதனையை எப்பட்டறையிலும் செய்யலாம். மின்சாரத்தால் இயங்கும் ஈரமானியும் உண்டு.

புதிதாக வெட்டிய மரத்தின் நுண்குழல்களில் தனி நீர் நிறைந்திருக்கும். இது வெளியேறும்போது எடை குறையுமே தவிர அளவு குறையாது. ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கும்போது, நார்ச் சுவர்களுக்குள்ளே பிணைந்துள்ள நீர் வெளியேறத் தொடங்குகிறது. சுருக்கம் அப்போதுதான் ஆரம்பமாகிறது. இச்சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. நார் ஓடும் நீளவாக்கில் அநேகமாக இல்லை. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு உண்டு. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. நன்கு நிலைத்து நிற்பதெனப் புகழ் பெற்ற தேக்கிலேயே, பச்சை நிலையிலிருந்து முற்றும் உலர்ந்த நிலைவரை, நடுத்திசைச் சுருக்கம் சுமார் 2.5 சதவிகிதம், வளையத்திசைச் சுருக்கம் சுமார் 5.8 சதவிகிதம். இந்த வேறுபாடே பலகை வளைவதற்கும் முறுக்கிக்கொள்வதற்கும் பெருங்காரணம்.

ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். வளையத்திசைச் சுருக்கம் 6 சதவிகிதம் உள்ள மரத்தில், 30 சதவிகித ஈரப்பத இறக்கத்துக்கு அச்சுருக்கம் பரவலாக நிகழ்வதால், ஒரு சதவிகித ஈரம் குறைய அகலம் 0.2 சதவிகிதம் குறையும். மழைக்காலத்தில் 18 சதவிகித ஈரப்பதத்தோடு 60 சென்டிமீட்டர் அகல மேசைப் பலகை ஒன்று கூட்டப்படுகிறது என்று கொள்வோம். அது வெப்பமூட்டிய அறைகளைக் கொண்ட குளிர்நாடு ஒன்றுக்குச் சென்று 10 சதவிகிதத்துக்கு இறங்கினால், 8 சதவிகித இறக்கத்துக்கு அகலம் 1.6 சதவிகிதம் சுருங்கும். அதாவது 9.6 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்! சுருங்க இடமில்லாமல் நான்கு புறமும் அறையப்பட்ட பலகை வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. செதுக்கியவரின் கைத்திறன் எவ்வளவு உயர்ந்ததாயினும் அந்த வெடிப்பைத் தடுக்காது.

மரம் தன்னைச் சூழ்ந்த காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கும். ஆகவே ‘நன்கு காய்ந்த மரம்’ என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. எந்த ஊருக்கு ஏற்பக் காய்ந்தது என்று கேட்க வேண்டும். மரத்தின் ஈரப்பதம் குறித்த 287ஆம் எண் இந்தியத் தரநிர்ணயம் காற்றின் ஈரப்பதத்தை அடிப்படையாகக் கொண்டு நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கும் பயனுக்கும் ஏற்ற அளவுகளை வகுத்திருப்பது இதனாலேயே ஆகும். கொள்முதல் ஒப்பந்தங்களில் இந்த எண்ணைக் குறிப்பிடும் அலுவலகங்கள் பல உள்ளன. வந்திறங்கிய நாற்காலியில் ஈரமானியை வைத்துப் பார்ப்பவை குறைவு.

பதப்படுத்தும் முறைகள்

காற்றில் உலர்த்துவது எளிய முறை. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மேடை அமைத்து, பலகைகளுக்கிடையே ஓர் அங்குலக் குறுக்குச் சட்டங்களை நேருக்கு நேர் வைத்து, நிழலில் அடுக்க வேண்டும். சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக அமையாவிடில் பலகை அந்த வளைவிலேயே உறைந்துவிடும். நார் முனைகளின் வழியே நீர் விரைவாக வெளியேறுவதால் பலகையின் இரு முனைகளிலும் மெழுகோ கெட்டியான வண்ணமோ பூசுவது வழக்கம். இல்லையேல் முனைகள் பிளக்கும். அடுக்கின்மேல் பாரம் ஏற்றுவதும் நல்லது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது குளிர்நாட்டுத் தச்சரின் பழைய கணக்கு. வட இந்தியக் கோடையில் அதைவிட மிகக் குறைந்த காலம் போதும். ஆனால் மே, ஜூன் மாதங்களின் அனல்காற்று பலகையின் மேற்பரப்பை உட்புறத்தைவிட விரைவாக உலர்த்தி மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். அப்போது அடுக்கை மூடிக் காக்க வேண்டும். மழைக்காலத்தில் உலர்தல் ஏறத்தாழ நின்றுவிடும்.

மாமரத்துக்கு இன்னொரு கவலை உண்டு. அது விரைவில் காய்ந்துவிடும். ஆனால் ஈரமாகக் கிடக்கும் சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும். துளைக்கும் வண்டுகளும் அதனை விரும்பும். அறுத்தவுடன் போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலில் ஊறவைத்து, பின்னர் உலர்த்துவதே பாதுகாப்பு. இக்கரைசல் நீரில் கரைவதாகையால் வீட்டினுள் வைக்கும் பொருள்களுக்கே ஏற்றது. வெளிநாட்டுக் கடையில் நாற்காலியின் காலடியில் சிறு மாவுக்குவியல் காணப்பட்டால் அந்த வணிகத் தொடர்பு அதோடு முடிந்தது.

உலைக் கூடத்தில் பதப்படுத்துவது இரண்டாம் முறை. வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதம் ஆகிய மூன்றையும் அளவாகக் கட்டுப்படுத்தி, மாதக் கணக்கில் ஆகும் வேலையை வாரக் கணக்கில் முடிக்கலாம். சகாரன்பூருக்கு அண்மையில் உள்ள டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம், சிறு அளவில் மரம் பதப்படுத்துவோருக்கென, சூரிய வெப்பத்தால் இயங்கும் கூடம் ஒன்றைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வடிவமைத்தது. ஆகவே தொழில்நுட்பம் இல்லாமையால் தடை ஏற்படவில்லை. தடை வேறிடத்தில் உள்ளது. அதற்கு முன் வடிவமைப்பைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். ஏனெனில், ஈரத்தைச் சமாளிக்கும் இரண்டாவது கருவி அதுவே.

வடிவமைப்பு என்பது

அழகான சித்திர வேலையே வடிவமைப்பு என்று கருதுவது தவறு. மரம் அசையும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதற்கு இடம் விடுவதே மரச்சாமான் வடிவமைப்பின் முதற்பாடம். அலமாரிக் கதவில் நான்கு சட்டங்களின் உட்புறம் பள்ளம் வெட்டி, நடுப்பலகையைப் பசையிடாமல் அப்பள்ளத்தில் நிறுத்தும் பழைய முறை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பலகை பள்ளத்துக்குள்ளேயே விரியும், சுருங்கும். சட்டத்தின் வெளியளவு மாறாது. மேசைப் பலகையைச் சட்டத்தோடு ஆணி அறைந்து இறுக்காமல், நகர இடம் கொடுக்கும் மரப் பற்றுக்கட்டைகளால் பிடிப்பதும் இவ்வகையே. நம் நாட்டுக் கோயில் கதவுகளிலும் வீட்டுக் கதவுகளிலும் இந்த அறிவு நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. ஆனால் அவசர ஏற்றுமதி ஒப்பந்தம் வரும்போது முதலில் கைவிடப்படுவதும் இதுவே.

இணைப்பில் கழுந்தும் துளையுமே தாய். கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுவான அளவு. ஈரமான மரத்தில் இறுக்கமாகச் செய்த கழுந்து, காய்ந்தபின் துளைக்குள் ஆடும். ஆடும் நாற்காலியைப் பசையாலும் இரும்பு ஆணியாலும் சரிசெய்ய முயல்வது நோயை மறைப்பதாகுமே தவிரத் தீர்ப்பதாகாது. நாற்காலியில் மிகுதியான விசை தாங்கும் இடம், பின்கால் இருக்கையின் பக்கச் சட்டத்தோடு கூடும் மூட்டு. அமர்ந்தவர் பின்னோக்கிச் சாயும் ஒவ்வொரு முறையும் அந்த மூட்டு நெம்பப்படுகிறது. அங்கு செதுக்கு வேலைக்காக மரத்தைக் குடைவது பெரும் பிழை. சகாரன்பூர் நாற்காலிகளில் இப்பிழை காணப்படாமல் இல்லை. அளவுகளைப் பொறுத்தவரை, இருக்கை உயரம் 43 முதல் 45 சென்டிமீட்டர், எழுதும் மேசை உயரம் 72 முதல் 75 சென்டிமீட்டர் என்பவை பழகிப்போனவை. பள்ளிகளுக்கும் குள்ளமானவர்களுக்கும் இவை குறைய வேண்டும்.

எளிய வடிவம் சிறு பட்டறைக்கு எவ்வளவு துணை செய்யும் என்பதைச் சண்டிகர் நகரம் காட்டியது. 1950களிலும் 60களிலும் அந்நகரம் எழுந்தபோது அதன் செயலகம், பல்கலைக்கழகம், நீதிமன்றம், குடியிருப்புகள் ஆகியவற்றுக்குப் பெருந்தொகையில் மேசை நாற்காலிகள் தேவைப்பட்டன. கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே தம் உடன்பணியாளருடன் சேர்ந்து வகுத்த வடிவங்களில் பெரும்பாலும் தேக்குச் சட்டங்களும் பிரம்புப் பின்னலும் இருந்தன. தலைகீழான ‘வி’ எழுத்தைப் போன்ற கால்கள், நேரான சட்டங்கள், குறைந்த எண்ணிக்கையிலான இணைப்புகள் ஆகியவற்றைச் சாதாரணக் கருவிகள் கொண்ட உள்ளூர்ப் பட்டறை செய்ய முடிந்தது. அகலப் பலகைக்குப் பதிலாகப் பிரம்பு வந்ததால் சுருங்குவதற்குரிய பரப்பே இல்லாமற் போனது. பின்னாளில் இந்நாற்காலிகள் பழுதானவை என்று அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. வெளிநாட்டு ஏலக் கூடங்களில் அவையே பெருவிலைக்குப் போயின. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்பதற்கும் வெளியே கொண்டு செல்வதற்கும் தடை விதிக்க நேர்ந்தது. வடிவமைத்தவரின் பெயர் உலகறிந்தது. செய்த தச்சர்களின் பெயர்களுள் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லை.

அண்மைக் காலத்தில் வடிவமைப்பில் எடையும் ஒரு கட்டளையாகச் சேர்ந்துள்ளது. சீஷம் உள்ளிட்ட ஈட்டி இன மரங்கள் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2017 ஜனவரி 2 முதல் அக்கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் மரம் சட்டப்படி பெறப்பட்டது என்பதற்கான சான்று தேவையாயிற்று. அதற்குமுன் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி ரூபாயாக இருந்த இந்தியாவின் சீஷப் பொருள் ஏற்றுமதி 500 முதல் 600 கோடி ரூபாய் அளவுக்குச் சரிந்தது என்றும், ஏறத்தாழ 50,000 கைவினைஞரின் வாழ்வு பாதிக்கப்பட்டது என்றும் மத்திய அரசு 2022இல் தெரிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் பனாமாவில் நடந்த மாநாட்டில் ஒரு விளக்கம் பெறப்பட்டது. ஒவ்வொரு பொருளிலும் உள்ள சீஷ மரத்தின் எடை 10 கிலோவுக்குக் குறைவாக இருப்பின், அத்தகைய பொருள்கள் எத்தனையையும் ஒரே சரக்காக உடன்படிக்கை அனுமதிச் சீட்டு இன்றி அனுப்பலாம் என்பதே அது.

சீஷத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 780 கிலோ. 120 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 2.5 சென்டிமீட்டர் கனம் உள்ள மேசைப் பலகை மட்டுமே 14 கிலோ ஆகிறது, வரம்பைத் தாண்டுகிறது. மெல்லிய நாற்காலியோ அதற்குள் அடங்கலாம். மெலிந்த சட்டம் ஈரத்துக்கு எளிதில் வளையும் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். பன்னாட்டு விதி பட்டறையை மெலிந்த வடிவத்துக்கு அழைத்துச் செல்கிறது. மெலிந்த வடிவம் இன்னும் நன்றாகக் காய்ந்த மரத்தைக் கேட்கிறது.

காத்திருத்தலின் விலை

தடை எங்கே என்ற கேள்விக்கு இப்போது வரலாம். மூவர் வேலை செய்யும் பட்டறை ஒன்று மாதம் 40 கன அடி மரத்தில் 40 நாற்காலிகள் செய்வதாகக் கொள்வோம். மரத்தின் விலை கன அடிக்கு 1,500 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 12 சதவிகிதம். இவ்வெண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவையே. வாசகர் தம் ஊரின் விலையை இட்டுக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆறு மாதம் காற்றில் உலர்த்தினால் 240 கன அடி மரம் எப்போதும் அடுக்கில் இருக்க வேண்டும். அதன் மதிப்பு 3,60,000 ரூபாய். ஆண்டு வட்டி 43,200 ரூபாய், மாதம் 3,600. நாற்காலி ஒன்றுக்கு 90 ரூபாய். பொதுக் கூடத்தில் ஒரு மாதத்துக்குள் பதப்படுத்தினால் 40 கன அடியே இருப்பில் இருக்கும். மதிப்பு 60,000, ஆண்டு வட்டி 7,200. வேறுபாடு ஆண்டுக்கு 36,000 ரூபாய். ஆண்டு முழுவதும் பயன்படும் 480 கன அடிக்கு இதனைப் பகிர்ந்தால் கன அடிக்கு 75 ரூபாய். பதப்படுத்தும் கட்டணம் இதற்குக் கீழே இருக்கும்வரை, வட்டியை மட்டும் கருதினாலும், கூடமே ஆதாயம்.

பச்சை மரத்தையே பயன்படுத்தினால்? அடுக்கில் முதலீடு இல்லை, வட்டி இல்லை. ஆனால் நாற்காலி ஒன்றின் விலை 4,000 ரூபாய் என்றும், இருபதில் ஒன்று வெடித்தோ ஆடியோ திரும்பி வருகிறது என்றும் கொண்டால், மாதத்துக்கு இரு நாற்காலி. இழப்பு 8,000 ரூபாய். காற்றில் உலர்த்துவதற்கான வட்டியைப்போல் இரு மடங்குக்கும் மேல். பழுது பார்த்துப் பாதியை மீட்டாலும் ஆதாயம் இல்லை.

அப்படியாயின் பட்டறைகள் ஏன் பச்சை மரத்தைப் பயன்படுத்துகின்றன? அறியாமை என்பது எளிதான விடை; ஆனால் தவறான விடை. ஈர மரம் என்ன செய்யும் என்பது எந்தத் தச்சருக்கும் தெரியும். மாதம் 3,600 ரூபாய் வட்டி அவரால் தாங்கக்கூடியதே. முதலில் வேண்டிய 3,60,000 ரூபாய்தான் அவரிடம் இல்லை. அதனை அடுக்கும் இடமும் இல்லை. வாங்குபவர் முன்பணம் கொடுத்து நாற்பது நாளில் பொருள் கேட்கும்போது, அம்முன்பணத்தில் வாங்கிய மரம் அந்நாற்பது நாளிலேயே நாற்காலியாக வேண்டும். இழப்பு பின்னர் வருவது. அது வரும்போது முழுவதும் பட்டறை முதலாளியின் தலையிலும் விழுவதில்லை. திரும்பி வந்த உருப்படியைச் சரிசெய்யும் நேரத்துக்கு உருப்படிக் கூலி முறையில் கூலி கிடைப்பது அரிது. மரத்தின் ஈரத்துக்குரிய விலையை இறுதியில் செதுக்குபவரும் சட்டம் கூட்டுபவரும் தம் உழைப்பாகச் செலுத்துகின்றனர்.

கொள்கையும் நடைமுறையும்

சிறுதொழிலுக்கென்று பொருள்களை ஒதுக்கும் முறை 1967இல் 47 பொருள்களுடன் தொடங்கியது. பட்டியல் பின்னர் நூற்றுக்கணக்கில் பெருகிச் சுருங்கியது. இம்முறையை நீக்கலாம் என்று 1997இல் ஆபித் உசேன் குழு பரிந்துரைத்தது. இறுதிவரை நிலைத்த 20 பொருள்களுள் மரச்சாமானும் ஒன்று. 2015 ஏப்ரலில் அவையும் நீக்கப்பட்டன. இத்தனை நீண்ட பாதுகாப்புக் காலத்தில் பெரிய ஆலைகள் போட்டிக்கு வராமல் தடுக்கப்பட்டன. ஆனால் சிறு பட்டறைக்குக் காய்ந்த மரம் கிடைக்க வழி செய்யப்பட்டதா என்று கேட்டால் விடை மனநிறைவு தருவதாக இல்லை. ஆலையில் செய்த பலகைகளும், பிரித்துப் பூட்டும் மேசை நாற்காலிகளும் இன்று சந்தையில் பெருகியுள்ளன. அவை நேர்த்தியால் வென்றவை அல்ல. அளவு மாறாமையால் வென்றவை.

2023 செப்டம்பர் 17இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி விசுவகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் இடம்பெற்றுள்ளன. தச்சுத் தொழில் அவற்றுள் ஒன்று. பயிற்சி, கருவிகளுக்கு 15,000 ரூபாய், பிணையற்ற கடனாக முதலில் 1 லட்சம் ரூபாய், பின்னர் 2 லட்சம் ரூபாய், பயனாளி செலுத்தும் வட்டி 5 சதவிகிதம் என்பவை இதன் கூறுகள். தனிக் கைவினைஞரைப் பெயர் சொல்லி அடையும் வகையில் இது முந்திய திட்டங்களைவிட மேம்பட்டது. எனினும் கடனின் கால அமைப்பை மேற்கண்ட கணக்கோடு ஒப்பிட வேண்டும். முதற்கடன் 18 மாதங்களில் திருப்பிச் செலுத்த வேண்டியது. இழைப்புப் பொறி வாங்கியவர் அடுத்த நாளே அதனால் வருவாய் பெறுகிறார். ஆறு மாத மரம் வாங்கி அடுக்கியவரோ ஆறு மாதம்வரை எதையும் பெறுவதில்லை. தவணையோ அதற்குள் தொடங்கிவிடுகிறது. எனவே கடன் வாங்குபவர் பொறியை வாங்குகிறார். பச்சை மரத்தை இன்னும் விரைவாக இழைக்கிறார். நடைமுறை மூலதனத்துக்குத் தனி வரம்பும், உலரும் காலத்துக்கு ஏற்ற தவணை விடுப்பும் அளிப்பது வங்கிகளால் இயலாத செயல் அன்று. பயிர்க் கடனில் அறுவடைவரை காத்திருக்கும் வழக்கம் அவற்றுக்கு உண்டு. அடுக்கில் உலரும் பலகையும் ஒருவகை நிற்கும் பயிரே.

பொது வசதிக் கூடங்கள் அமைக்கும் தொகுதி வளர்ச்சித் திட்டங்களில் பதப்படுத்தும் உலைக்கு நிதி ஒதுக்க இடமுண்டு. கட்டுவது எளிது; நடத்துவதில்தான் சிக்கல் எழுகிறது. ஓர் உலையில் ஒரே வேளையில் ஒரே மரம், ஒரே கனம் இருத்தல் வேண்டும். ஓர் அங்குல மாமரத்தோடு இரண்டு அங்குலச் சீஷத்தைச் சேர்த்தால் ஒன்று வெடிக்கும் அல்லது மற்றொன்று காயாது. பத்துப் பட்டறைகள் தலா பத்துக் கன அடி கொண்டுவந்தால், யாருடையது எதனோடு எப்போது ஏறும் என்று தீர்மானிக்க வேண்டும். இவ்வரிசையைப் பெரிய ஏற்றுமதியாளர் தம் வசம் எடுத்துக்கொண்டால், பொதுக் கூடம் பெயரளவில் மட்டுமே பொதுவாக இருக்கும். கிழமை ஒன்றுக்கு ஒரு மரம், ஒரு கனம் என்று முன்கூட்டியே அட்டவணை வகுத்து, கூடத்தின் கொள்ளளவில் ஒரு பகுதியைச் சிறு அளவில் மரம் கொண்டுவருவோருக்கென்றே ஒதுக்குவது ஒரு வழி. அறுவைத் தூளையும் கழிவுத் துண்டுகளையும் எரிபொருளாகக் கொண்டால் கட்டணம் குறையும். இத்தூளை மூச்சோடு இழுப்பது புற்றுநோய்க்கு ஏதுவானது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியுள்ளதால், பட்டறையிலிருந்து அதனை அன்றாடம் அகற்றுவதற்கும் இது ஒரு தூண்டுதல்.

கூடத்தை மேற்பார்வையிடும் மாவட்டத் தொழில் மைய அதிகாரி கேட்டுப் பார்க்க வேண்டிய பதிவேடு ஒன்று உண்டு. எத்தனை நாள் உலை எரிந்தது என்பதை மட்டும் அது கூறினால் போதாது. உள்ளே சென்றபோதும் வெளியே வந்தபோதும் பலகைகளின் ஈரப்பதம் எவ்வளவு, மரத்தின் உரிமையாளர் யார், அவர் எத்தனை நாள் வரிசையில் காத்திருந்தார் ஆகிய விவரங்கள் அதில் இருத்தல் வேண்டும். வெளியேறும் ஒவ்வொரு பலகையின் முனையிலும் அந்த ஈரப்பத எண்ணையும் தேதியையும் சுண்ணக்கட்டியால் எழுதி அனுப்பினால், அதை வாங்கும் தச்சரும், பின்னர் நாற்காலியை வாங்குபவரும் தாமே ஈரமானியை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.